பரிசு இல்லாத ஒரு கண்காட்சி வேணும்

1/ ஊசி போட வந்த ஆறு வயசுப் பையன். அழுகை நிக்கல. ஓபி சீட்டைத் திருப்பி, பேனாவைக் கையில கொடுத்தேன். ஒரு மாடு வரைஞ்சான். அடுத்து கேட்டான்: "போட்டியா சார்? பரிசு உண்டா?"

2/ யோசிச்சுப் பாருங்க. நம்ம குழந்தைங்களுக்கு ஓவியம்னாலே போட்டிதான். 2022-23ல அரசுப் பள்ளிகள்ல தொடங்கின கலைத் திருவிழா நல்ல முயற்சி. தருமபுரிப் பிள்ளைக்கும் மேடை கிடைக்குது. ஆனா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம்னு போகப் போக மிஞ்சுறது சிலர்தான். மத்தவங்க?

3/ 2002ல ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன்ல குழந்தைங்களுக்காக ஓர் அறை அமைச்சார். சுவர், நாற்காலி, மேசை எல்லாமே வெள்ளை. வர்ற குழந்தைங்க கையில வண்ண வட்ட ஸ்டிக்கர். எங்க வேணா ஒட்டலாம். நாளாக நாளாக அறை முழுக்க வண்ணம். ஜெயிச்சவர் யாரும் இல்ல. எல்லாரோட புள்ளியும் அங்க இருக்கு.

4/ இதுக்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். ஒரு வகுப்பறை, கொஞ்சம் சுண்ணாம்பு, ஸ்டிக்கர். அரூர்லயும் பென்னாகரத்துலயும் செய்யலாம். ஆசிரியர்களே, அடுத்த கலைத் திருவிழா அன்னைக்கு ஒரே ஒரு அறையை இதுக்கு ஒதுக்குங்க.

5/ "போட்டி இல்லடா, சும்மா வரை"ன்னேன். இன்னொரு சீட்டு கேட்டான். ஊசி போட்டப்ப அழத்தான் செஞ்சான். ஆனா படத்தைக் கையிலிருந்து விடல.