கடைப்பிள்ளைக்கும் ஈ.பி.எப். உண்டு



கடந்த மாதம் ஒரு கலியாணத்துக்காக அளவெட்டிக்குப் போயிருந்தோம். அழைத்தவர் மலைநாட்டுத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டங்களில் கணக்கு எழுதியவர்கள் எல்லோரும் எம்மோடு நல்லபடி நடந்துகொண்டார்கள் என்று சொல்லமாட்டோம். இவர் நடந்துகொண்டார். அதனால் போனோம்.

சாப்பாடு முடிந்ததும் ஐயா வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். "தம்பி, வட்டியில மாதாமாதம் கை வைக்கிறாங்கள். என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ." ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தை நிலையான வைப்பில் போட்டு, அந்த வட்டியில் சீவிக்கிறவர் அவர். கழிக்கப்பட்டது நிறுத்திவைத்தல் வரி. முன்னர் நூற்றுக்கு 5 ஆக இருந்த இந்த வரி 2025 ஏப்ரல் முதல் 10 ஆகியது. இருபது இலட்சம் ரூபா வைப்புக்கு நூற்றுக்கு 8 வட்டி என்று வைத்துக்கொண்டால், வருட வட்டி 160,000 ரூபா. அதில் 16,000 போய்விடும்.

போக வேண்டிய அவசியமே இல்லை. ஒருவரின் மொத்த வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டதானால் அவர் வருமான வரி கட்டவேண்டியவர் அல்ல. அதை ஒரு பிரகடனப் படிவத்தில் எழுதி, ரின் இலக்கத்தோடு வங்கியில் கொடுத்தால் வட்டியில் கை வைக்கமாட்டார்கள். ஏற்கெனவே கழித்ததையும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் திருப்பிக் கேட்கலாம். எமது தொழிலாளர்களுக்காக ஆயிரக்கணக்கான படிவம் நிரப்பிய மனிதர், தனக்கான ஒரு படிவத்தைப் பற்றிக் கேள்விப்படவில்லை. ஈ.பி.எப். பணத்தை எடுத்து வைப்பில் போட்டிருக்கும் எமது ஓய்வுபெற்ற அங்கத்தவர்களில் எத்தனை பேர் இதே நிலையில் இருக்கிறார்களோ! வீட்டில் யாரேனும் இருந்தால் இன்றே புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

ரின் இலக்கம் எடுத்தால் வரி வந்துவிடும் என்ற பயம் வடக்கிலும் இருக்கிறது, தோட்டத்திலும் இருக்கிறது. இலக்கம் வேறு, வரி வேறு. 2024 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் பதிய வேண்டும் என்றார்கள். எல்லோரும் வரி கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை.

அந்தக் கலியாண வீட்டில்தான் எம்மை உண்மையில் கலங்கவைத்த விடயம் நடந்தது. சோடாப் பெட்டி இறக்க வந்த பையன் எமது சங்கப் பையைக் கண்டு நின்றான். அவனுடைய அம்மா எமது அங்கத்தவர், இன்றும் கொழுந்து பறிக்கிறார். இவன் மூன்று வருடமாக இங்கே ஒரு கடையில். "சம்பளம் நாப்பதாயிரம், தங்குறதும் சாப்பாடும் கடையிலதாங்க. ஈ.பி.எப்.பா? கடையில எல்லாம் அது இல்லீங்களே ஐயா."

முதலாளியோடும் பேசினோம். கெட்ட மனிதர் அல்ல. "மூண்டு பேர் வேலை செய்யிற கடைக்கு உதெல்லாம் எதுக்கு?" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருக்கிறார்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் மூன்று பேர், முப்பது பேர் என்று கணக்குப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கடை பதியப்பட வேண்டும். ஊழியரின் 8 வீதம், முதலாளியின் 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி கட்டும் 3 வீதம். முதலாளி கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் சம்பளத்தோடு சேரும். அதை விட்டுவிட்டு நாற்பதாயிரத்துக்கு மட்டும் பார்த்தாலும் மாதம் 9,200 ரூபா. மூன்று வருடத்துக்கு 331,200 ரூபா, வட்டி சேர்க்காமல். பையனின் பெயரில் இன்று ஒரு சதமும் இல்லை.

முதலாளிக்கும் கணக்குச் சொன்னோம். கட்டும் பங்கை வியாபாரச் செலவாக வரிக் கணக்கில் கழிக்கலாம். கட்டாமல் இழுத்தால் தாமதத்துக்கு ஏற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். பிடிக்காமல் விட்ட 8 வீதத்தையும் பின்னர் அவரே கட்ட வேண்டும். கடைசியில் நீதவான் நீதிமன்றம். மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தொழில் அலுவலகத்துக்கு யாரைப் போய்க் காண்பது என்று கேட்டார்.

அந்த நிதியை அரசு ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022இல் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதைத் தொட்ட வருடத்துக்கு எமக்குக் கிடைத்த வட்டி 9. மறு வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று வந்து, திறைசேரி முறிகளை மாற்றிக்கொள்ளாவிட்டால் வரி 14இலிருந்து 30 வீதமாகும் என்று தொழிலாளரின் நிதியைத்தான் நெருக்கினார்கள். வங்கிகளை அந்த முறி மாற்றத்தில் சேர்க்கவில்லை. இதை நாம் அன்றும் அநியாயம் என்றோம், இன்றும் சொல்கிறோம். ஆனால் அந்தச் சண்டையைப் போடுவதற்கும் நிதியில் எமக்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும். கணக்கே இல்லாத பையன் எதைக் கேட்பது?

அன்று பந்தலில் நல்ல மேளம். தவில் தட்சிணாமூர்த்தியும் நாதஸ்வரம் என்.கே. பத்மநாதனும் வாழ்ந்த ஊரல்லவா. வாசித்தவர்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை, ஆகவே ஈ.பி.எப்.பும் இல்லை. சுயதொழில் செய்பவர்கள் சேரக்கூடிய ஓய்வூதியத் திட்டங்கள் சமூகப் பாதுகாப்புச் சபையில் உண்டு. தோட்டத்தை விட்டு வந்து முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர்களும் இதைக் கவனிக்கலாம்.

புறப்படும்போது கிளாக்கர் ஐயாவிடம் ஒன்றைக் கேட்காமல் வரமுடியவில்லை. எமது பெண்கள் எத்தனையோ பேரின் ஈ.பி.எப். இழுபட்டது பெயரால். அடையாள அட்டையில் முத்தம்மாள், தோட்டத்துப் பதிவில் முத்தாயி. சத்தியக்கடதாசிக்கும் பஸ்ஸுக்கும் கடன்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஐயா தலையைக் குனிந்துகொண்டார். "காதில விழுந்தபடி எழுதிப்போட்டன் தம்பி. அட்டையைக் கேட்டுப் பாத்திருக்க வேணும்."

வடக்கிலும் கொழும்பிலும் கடைகளில் நிற்கும் பிள்ளைகளின் விபரத்தை, வேலைக்குச் சேர்ந்த திகதியோடு, தோட்டத் தலைவர்மாரிடம் கொடுங்கள். பெயரை மட்டும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதிக் கொடுங்கள்.