ஈரோட்டு எழுத்தும் ஹார்ஃப்பஸ் நூலகமும்

தமிழின் 247 எழுத்துகளைக் கணினியில் சேமித்து வைக்க ஒருங்குறிக்கு 43 குறிகளே போதும்: உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உயிர்க்குறி 11, புள்ளி 1. கிரந்த எழுத்துகள் இக்கணக்குக்குப் புறம்பானவை. ஆனால் கண் காணும் தமிழ் இந்த 43 உருக்களைப் பக்கம் பக்கமாக அடுக்கியதன்று. ககரத்தோடு உகரம் சேர்ந்தால் 'கு' என்ற தனி உரு பிறக்கிறது, டகரத்தோடு இகரம் சேர்ந்தால் 'டி' பிறக்கிறது, எகரக் கொம்போ மெய்க்குப் பின்னே ஒலித்தாலும் முன்னே நிற்கிறது. சேமிக்கப்பட்ட குறிவரிசையை வாங்கி, எழுத்துருக் கோப்புக்குள் எழுதப்பட்ட விதிகளைப் படித்து, எந்த உரு எந்த வரிசையில் எவ்வளவு இடம் விட்டு நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையே வடிவாக்கம். துறையினர் வாயில் அது ஷேப்பிங். இவ்வேலையைச் செய்யும் நிரல் நூலகங்களில் இன்று மிகப் பரவலானது ஹார்ஃப்பஸ். ஃப்ரீடைப் திட்டத்தின் பழைய நிரலில் வேர்கொண்டு, ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முதன்மையாக நின்று புதிதாக எழுதிய அந்நூலகத்தின் பெயர், ஓப்பன்டைப் என்ற எழுத்துருத் தரத்தின் பெயரைப் பாரசீகத்தில் சொல்லும் முயற்சியிலிருந்து வந்தது. ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆபிஸ், ஸீடெக் ஆகியவற்றில் தமிழைத் திரையிலோ தாளிலோ காண்பவர், பெயர் அறியாமலேயே இதன் உழைப்பைக் காண்கிறார்.

'கொங்கு' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டால் இவ்வேலையின் நுட்பம் புலப்படும். சேமிப்பில் அது ககரம், ஒகரக் குறி, ஙகரம், புள்ளி, ககரம், உகரக் குறி என ஆறு குறிகள்; யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாகப் பதினெட்டு பைட்டு. நூலகம் முதலில் ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிளக்கிறது. பிறகு அசைகளைப் பிரித்து, கொம்பை ககரத்துக்கு முன்னே நகர்த்துகிறது. அதன்பின் எழுத்துருவின் ஜிசப் அட்டவணையைத் திறந்து, அதாவது எந்த உருக்கள் சேர்ந்தால் எந்த உருவாக மாறும் என்று எழுத்துரு வரைந்தவர் எழுதிவைத்த மாற்று விதிகளைத் திறந்து, ககரத்தையும் உகரக் குறியையும் எடுத்துவிட்டுக் 'கு' என்ற ஒற்றை உருவை வைக்கிறது. இறுதியாக ஜிபாஸ் என்னும் இட அட்டவணையைக் கொண்டு, புள்ளி தனி உருவாக இருந்தால் அது ஙகரத்தின் மேல் எங்கே அமரும் என்று கணிக்கிறது. திரும்பி வருவது உரு எண்களின் பட்டியலும் ஒவ்வொன்றுக்குமான நகர்வு அளவுகளுமே. கூடவே ஒவ்வோர் உருவோடும் கொத்து எண் ஒன்றும் வருகிறது: கொம்பு, ககரம், கால் ஆகிய மூன்று உருக்களும் 0, 'ங்' 6, 'கு' 12 என்று, மூலச் சொல்லில் எந்தப் பைட்டிலிருந்து அந்த உரு தோன்றியது என்பதை அது காட்டும். நூலகத்தைப் புதிதாகக் கையாள்பவர்கள் உரு எண்ணையும் இடத்தையும் எடுத்துக்கொண்டு கொத்து எண்ணை வீசிவிடுகிறார்கள். சுட்டியைச் சொல்லுக்குள் எங்கே நிறுத்துவது, எழுத்திடைவெளி கூட்டும்போது எங்கே வெட்டுவது, தெரிவு செய்த பகுதிக்கு எந்த இடம்வரை நிறம் பூசுவது ஆகிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை அந்த எண்ணில்தான் இருக்கிறது. அதை வீசியவர் வைக்கும் பெயர்ப் பலகையில் கொம்பு ஒரு பக்கமும் ககரம் மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்பது இதனால்தான்.

குறி வேறு, உரு வேறு என்ற இப்பிரிவினையின் ஆழம் கொங்கு நாட்டின் அச்சு வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதே முழுமையாக விளங்கும். ஈரோட்டில் 1925இல் பெரியார் தொடங்கிய 'குடி அரசு' இதழ் 1935இல் சீர்திருத்த எழுத்துக்கு மாறியது. அவ்வடிவங்களுள் ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்னும் பதின்மூன்றைத் தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் ஆணையிட்டு ஏற்றது. பழைய வடிவில் முதல் மூன்றும் தம் காலைத் தனியே நிறுத்தாமல் உடலோடு சுழித்துக்கொண்டவை. அடுத்த நான்கும் ஐகாரத்தைத் தும்பிக்கைபோல் தலையில் ஏந்தியவை. ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய அச்சுக்கோர்ப்பவருக்கு, ஒழுங்குக்கு உட்படாத ஒவ்வொரு வடிவமும் ஒரு தனி அறையும் தனி நினைவும் ஆகும். ஆகவே அச்சீர்திருத்தத்தின் முதற்காரணம் சிக்கனம்.

இன்று அதே பதின்மூன்று எழுத்துகளும் ஒருங்குறியில் மாற்றமின்றி ஒரே குறிவரிசையாக இருக்கின்றன. பழைய உருவா புதிய உருவா என்பதை எழுத்துருவே சொல்கிறது. பழைய பதிப்பின் தோற்றத்தை மீட்க விரும்பும் எழுத்துரு வடிவமைப்பாளர் எத்தனை கூட்டுருக்களை வரைய வேண்டும் என்று கேட்டால், விடை பதின்மூன்று அல்ல, ஏழு. ஒகர, ஓகாரக் குறிகளை நூலகமே கொம்பும் காலுமாகப் பிளந்து கொம்பை முன்னே நகர்த்திவிடுவதால், எஞ்சிய ணகரமும் காலும் அருகருகே நிற்கின்றன. ணா என்பதற்கு எழுதிய விதியே ணொ, ணோ இரண்டுக்கும் தானாகப் பாய்கிறது. இவ்விதிகளை வரிசை மாற்றம் முடிந்தபின் இயங்கும் கூறுகளில் வைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அவற்றை விருப்ப வடிவத் தொகுதி ஒன்றில் அடைத்துவிட்டால், ஒரே எழுத்துருவில் ஒரே உரையை 1930இன் தோற்றத்திலும் இன்றைய தோற்றத்திலும் காட்டலாம், தேடலோ அகரவரிசையோ ஒரு மயிரிழையும் மாறாது. கரூர் வட்டாரத்தில் பிறந்த வா.செ. குழந்தைசாமி, இகர, ஈகார, உகர, ஊகார உயிர்மெய்களுக்கும் சீரான குறிகள் வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடினார். அவர் கருத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க இப்போது அரசாணையும் தேவையில்லை, இருக்கும் நூல்களை மாற்றித் தட்டச்சு செய்யவும் தேவையில்லை, ஓர் எழுத்துரு போதும். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு எந்திரம் இனி ஒரு காரணமாக நிற்க முடியாது. கற்பவரின் கண்ணும் கையும் மட்டுமே காரணமாக நிற்க முடியும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதே வெளிச்சத்தில் 2010ஐயும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவ்வாண்டு ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தபோது, தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு டேஸ் 16 என்ற குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறி கொடுப்பது டேஸ் 16இன் வழி. அவ்வாறு கொடுத்தால் குறியே உருவாகிவிடும், வடிவாக்கம் வேண்டியதில்லை. பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் பலவற்றில் ஒருங்குறித் தமிழ் கொம்பு இடம் மாறியும் புள்ளி சிதறியும் அச்சான காலம் அது என்பதை நினைத்தால், அந்த முடிவின் பின்னிருந்த தவிப்பு நியாயமானதே. ஆனால் அதன் குறிகள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில், அதாவது உலகப் பொதுப் பொருள் ஏதும் தரப்படாத இடத்தில் அமர்ந்தவை. அங்கே எழுதிய உரை அதற்குரிய எழுத்துருவும் கருவியும் இல்லாத இடத்தில் வாய் பேசாது. பின்வந்த ஆண்டுகளில் 2013இல் ஸீடெக்கும், 2017இல் எல்லா இயங்குதளங்களிலும் லிப்ரேஆபிஸும் ஹார்ஃப்பஸுக்கு மாறியபோது, உருவைக் காட்டுவதற்காக மட்டும் வேறு குறியேற்றம் தேட வேண்டிய கட்டாயம் கரைந்துபோயிற்று.

கரையாதது, வடிவாக்கத்தையே தாண்டிச் செல்லும் பழக்கம். கோவையின் பம்ப்செட் கட்டுப்பாட்டுப் பெட்டி, எடைமேடையின் சீட்டு, திருப்பூர் ஆடையின் துணிச்சீட்டு, விளையாட்டுச் செயலியின் திரை என எழுத்தைத் தானே வரையும் கருவிகளில், ஒவ்வொரு குறிக்கும் ஓர் உரு என்ற ஆங்கிலக் கணக்கில் நிரல் எழுதப்படுகிறது. அங்கே தமிழ் வரும்போது 'கொங்கு' உடைந்து நிற்கிறது, உடனே யாரோ பழைய எழுத்துருக் குறியேற்றம் ஒன்றைப் புகுத்தி ஒட்டுப்போடுகிறார்கள். சிறு கருவிக்கு இந்நூலகம் சுமை என்ற அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. வேண்டாத பகுதிகளைக் கழித்துச் சிறிதாக்கித் தொகுக்க அதிலேயே வழி இருக்கிறது. 'மோட்டார் நின்றது', 'தண்ணீர் இல்லை' போன்ற நிலையான சொற்றொடர்களை மட்டும் காட்டும் கருவிக்கோ, மேசைக் கணினியிலேயே வடிவாக்கம் செய்து உரு எண்களைக் கருவியில் பதித்துவிட்டாலே போதும். இந்நூலகம் எதைச் செய்யாது என்பதையும் தெளிந்துகொள்ள வேண்டும்: வரியை எங்கே முறிப்பது, எழுத்துருவில் இல்லாத உருவுக்கு எந்த மாற்று எழுத்துருவை நாடுவது, உருவைப் புள்ளிகளாகத் தீட்டுவது ஆகியவை பிறர் பொறுப்பு. தமிழும் ஆங்கிலமும் கலந்த வரியை எழுத்துமுறைவாரியாகத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துமுறை, மொழி, திசை மூன்றையும் சொல்லி ஒப்படைப்பது நிரலரின் கடமை; நூலகமே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடுவது சோதனைக்குச் சரி, விற்பனைக்கு அனுப்பும் பொருளுக்குச் சரியன்று.

உரு சரியாகத் தெரிவதால் உரையும் சரி என்று கொள்வது இன்னும் ஆபத்தான பிழை. நொய்யலில் சேரும் கௌசிகா ஆற்றின் பெயரில் வரும் ஔகாரக் குறியின் பின்பாதி ளகரத்தைப் போலவே இருப்பதால், கெ என்று தட்டி அடுத்து ள என்ற மெய்யையே தட்டுபவர் பலர்; பழைய குறியேற்றங்களிலிருந்து மாற்றிய ஆவணங்களிலும் இப்பிழை மலிந்திருக்கிறது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டுக்கும் தோற்ற வேறுபாடு தெரியாது. வடிவாக்கி அதைத் திருத்தவும் திருத்தாது, ஏனெனில் அதற்கு அது செல்லுபடியான வேறொரு சொல். தேடும்போதுதான் ஆறு காணாமல் போகும். 'நொய்யல்' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பதும் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக வைப்பதும் ஒருங்குறி விதிப்படி சமம், நூலகமும் இரண்டையும் ஒன்றாகவே வரையும். ஆனால் இவ்விரண்டையும் ஒரே குறிவரிசையாக்கும் இயல்வடிவாக்கம் செய்யாத தரவுத்தளத்தில் அவை இரு வேறு ஆறுகள். உடைந்த அசையில் நூலகம் இடும் புள்ளி வட்டத்தைக் குறை என்று மறைக்க முயலும் வடிவமைப்பாளர்கள், அது பிழைதிருத்துநர் தாளில் இடும் வட்டத்துக்கு நிகரானது என்பதை எண்ண வேண்டும். பிடிஎஃப் கோப்பில் உரு எண்களே பதிவாகின்றன. மூல உரையைக் கொத்து எண்களின் உதவியோடு கூடவே பதியாத மென்பொருள் உருவாக்கும் ஆவணத்திலிருந்து ஒரு பத்தியைப் படியெடுத்தால் கொம்புகள் இடம் மாறி வருகின்றன. இணையத்துக்காக எழுத்துருவை வெட்டிச் சிறிதாக்குபவர்கள் குறிகளின் பட்டியலை மட்டும் பார்த்து வெட்டினால் தனிக் குறி இல்லாத 'கு', 'டி' போன்ற உருக்கள் கழிந்துவிடும். ஜிசப் விதிகள் வழியாக எட்டக்கூடிய உருக்கள் அனைத்தையும் சேர்த்து வெட்டும் கருவி ஹார்ஃப்பஸோடு சேர்ந்தே வருகிறது.

கொங்கு மண்ணின் மிகப் பழைய எழுத்துக்கும் இந்நூலகத்தில் இடம் வந்துவிட்டது. நொய்யற்கரைக் கொடுமணலில் கிடைத்த பானையோடுகளிலும், புலவர் செ. இராசு கண்டறிந்த அறச்சலூர் இசைக் கல்வெட்டிலும் உள்ள தமிழ் பிராமியை எழுத, பிராமிக்கான பொதுக் குறிகள் போதாமலிருந்தன; வடபுலப் பிராமியில் மெய்யடக்கும் குறி இரு மெய்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துவிடும், தமிழிலோ புள்ளி தனித்து நின்று மெய்யைக் காட்ட வேண்டும். 2021இல் வெளிவந்த ஒருங்குறி 14.0 பழந்தமிழுக்கெனத் தனிப் புள்ளியையும், குறில் எகர ஒகரங்களையும் அவற்றின் உயிர்க்குறிகளையும், ளகரத்தையும் சேர்த்தது. பல எழுத்துமுறைகளுக்குப் பொதுவான வடிவாக்க விதிமுறையின்கீழ் ஹார்ஃப்பஸ் அவற்றைக் கையாள்கிறது. இப்புள்ளியை உரிய உருவோடு வரைந்து, மெய்களைக் கோக்கும் விதிகளிலிருந்து அதை விலக்கி வைத்த எழுத்துருவே கல்வெட்டு நூல் அச்சிடுவோருக்கு இனி வேண்டியது.