வாவிக்கரையைக் கேட்டுச் செய்யுங்கள்

மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே ஜப்பானின் உதவியில் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதுவரை மண்முனைத் துறையில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் நோயாளரும் மாணவரும் படகுப் பாதைக்குக் காத்திருந்துதான் வாவியைக் கடந்தார்கள். ஊரின் தேவைக்கு வந்த உதவி என்பதால் அது இன்றும் பயன்படுகிறது.

2004 சுனாமிக்குப் பின் இலங்கைக் கரையோரங்களில் உதவி நிதியில் நட்ட கண்டல் கன்றுகளின் கதை வேறு. பெரும்பாலானவை பட்டுப்போயின. உவர்ப்பும் நீர்மட்டமும் பொருந்தாத இடங்களில் நட்டார்கள். நட்டபின் கவனிக்க ஆளில்லை. எத்தனை பணம், எத்தனை நல்லெண்ணம்! அந்த நீரில் அன்றாடம் வலைவீசுவோரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இனி வாவிக்கு வரும் ஒவ்வொரு திட்டத்திலும் மீனவர் சங்கங்களுக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் முடிவெடுக்கும் உரிமை வேண்டும். பராமரிப்புக்குத் தனி நிதியும் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களே, திட்ட ஆவணங்களைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.