“வரை” என்ற சொல்லுக்குள் தொலையும் வேகம்

சுவிற்சர்லாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் மாதம் தவறாமல் செலுத்தும் கட்டணங்களுள் இணையக் கட்டணமும் ஒன்று. அக்கட்டணத்துக்குரிய வேகம் வீடு வந்து சேர்கின்றதா என அளந்து பார்த்தோர் எத்தனை பேர்? கடையில் தராசு முள்ளை உற்று நோக்கும் கண்கள், இணையத்தின் அளவை மட்டும் காணாமல் விடுவது ஏன்?

ஒப்பந்தத் தாள்களில் “பிஸ் சூ” என்ற இரு சிறிய சொற்கள் உள்ளன. தமிழில் அதன் பொருள் “வரை”. நூறு மெகாபிற் வரை என்றால் நூறு கிடைக்கும் என்பதல்ல. நூறுக்கு மேல் கிடைக்காது என்பதே. விற்பவருக்கு அது பாதுகாப்பு. வாங்குபவருக்கோ அது வெறும் நம்பிக்கை.

தொலைபேசிச் செப்புக்கம்பி வழியே வரும் இணையத்துக்கு இயற்கையின் எல்லை ஒன்றுண்டு. கம்பியின் நீளம் கூடக்கூடச் சமிக்ஞை நலிவடையும். ஏடிஎஸ்எல் 2+ தொழில்நுட்பத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 24 மெகாபிற். இணைப்பகத்திலிருந்து சில கிலோமீற்றர் தள்ளியுள்ள வீட்டில் அதன் சிறுபகுதியே எஞ்சும். அதைவிட வேகமான விடிஎஸ்எல்லும் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரைத் தாண்டினால் தன் மேன்மையை இழந்துவிடும். இவ்வுண்மையை மறைத்து, “வேகம் போதாதா? பெரிய திட்டத்துக்கு மாறுங்கள்” என்று கூறுவது தீர்வல்ல. கம்பி தாங்காத வேகத்துக்குக் கூடுதல் பணம் கட்டுவது, ஒடுங்கிய வாய்க்காலை அகலப்படுத்தாமல் குளத்தை மட்டும் பெரிதாக்குவதற்கு ஒப்பானது. வீடு தேடி வந்து தமிழிலேயே பேசி ஒப்பமிட வைப்பவர் சொன்னாலும் அது தீர்வாகிவிடாது.

முதலில் குறை எங்கே இருக்கின்றது என்று அறிய வேண்டும். அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. கணினியை வடம் மூலம் நேரடியாக மோடத்துடன் இணைத்து, ஏனைய கருவிகளை நிறுத்திவிட்டு, காலையிலும் மாலையிலும் இரவிலும் ஒரு வாரம் அளந்து குறித்துக்கொள்வதே முதற்படி. வடத்தில் முழு வேகம் வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், பழி கம்பியில் இல்லை. உலோகப் பெட்டிக்குள் பூட்டப்பட்ட மோடமும், தொடர்மாடியில் அயல்வீடுகளின் வைஃபை அலைகளும் அதற்குப் போதிய காரணங்கள்.

வடத்திலும் வேகம் குறைவாயின், மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் காட்டப்படும் இணைப்பு வேகத்தைப் பார்க்க வேண்டும். அது உயர்ந்திருந்தும் இரவில் மட்டும் இணையம் தளர்ந்தால், நிறுவனத்தின் வலையமைப்பு நெரிசலில் உள்ளது என ஐயுறலாம். இணைப்பு வேகமே தாழ்ந்திருந்தால், நீட்டிப்பு வடங்களையும் பழைய பிரிப்பான்களையும் அகற்றி, வீட்டின் முதல் தொலைபேசிச் செருகிடத்தில் மோடத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும். வேகம் ஏறினால் குறை வீட்டுக்குள்ளிருக்கும் கம்பியில். ஏறாவிடின் வெளியே உள்ள கம்பியையும் சோதிக்குமாறு நிறுவனத்திடம் கோர வேண்டும். கட்டடத்துக்குள் ஓடும் பழுதடைந்த கம்பியைத் திருத்தும்படி வீட்டு நிர்வாகத்துக்கு எழுதலாம். வாடகை வீட்டின் குறைகளை நீக்கக் கோரும் உரிமையைக் கடப்பாட்டுச் சட்டத்தின் 259அ பிரிவு வழங்குகின்றது.

இந்நாட்டில் இணையம் ஓர் ஆடம்பரம் அல்ல. 2008 சனவரி 1 முதல் அது அடிப்படைச் சேவைகளுள் ஒன்று. அன்று உறுதியளிக்கப்பட்ட இறக்க வேகம் 600 கிலோபிற். 2020இல் அது 10 மெகாபிற்றாக உயர்ந்தது. 2024 முதல் 80 மெகாபிற் இறக்கமும் 8 மெகாபிற் ஏற்றமும் கொண்ட சேவையும் அடிப்படைச் சேவையில் அடங்கும். ஒத்த சேவை சந்தையில் கிடைக்காத இடங்களில் அதைக் கோரலாம். 2020 மார்ச் 16 முதல் பாடசாலை வகுப்பறைகள் மூடப்பட்டபோது, ஏற்ற வேகம் குறைந்த வீடுகளில் இரு பிள்ளைகள் ஒரே நேரத்தில் காணொளி வகுப்பில் இருப்பது எத்தகைய இடர் என்பதைப் பெற்றோர் கண்டனர்.

பெரிய நிறுவனத்தைக் கேள்வி கேட்க முடியுமா என்று தயங்குவோர் ஒரு வழக்கை நினைவிற்கொள்ள வேண்டும். ஏடிஎஸ்எல் விலை நிர்ணயத்தில் போட்டியாளர்களை நெருக்கியதற்காகச் சுவிஸ்கொம் நிறுவனத்துக்குப் போட்டி ஆணையம் 2009இல் சுமார் 220 மில்லியன் பிராங் தண்டம் விதித்தது. மேல்முறையீட்டில் அது சுமார் 186 மில்லியனாகக் குறைந்தது. 2019இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அளவும் ஆதாரமும் இருந்தால் அரசின் பெரும்பங்கு கொண்ட நிறுவனமும் பதிலளித்தே ஆக வேண்டும்.

“முறையிட்டால் வதிவிட அனுமதிக்குப் பாதகம் வருமோ” என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. தீங்கு வருவது வேறு வழியில். கோபத்தில் கட்டணத்தை முழுவதுமாக நிறுத்திவிடும் குடும்பம் “பெற்றைபுங்” எனும் கடன் அறவீட்டு நடவடிக்கைக்குள் சிக்குகின்றது. அப்பதிவு வீடு தேடும்போதும் குடியுரிமை கோரும்போதும் குறுக்கே நிற்கும். எனவே பிணக்குக்கு உட்படாத தொகையைச் செலுத்தி, மிகுதியை எழுத்தில் மறுப்பதே அறிவுடைமை. நிறுவனத்துடன் எழுதியும் தீர்வு கிட்டாதபோது, பேர்ணில் இயங்கும் தொலைத்தொடர்பு இணக்கசபையான ஒம்புட்ஸ்கொம்மை நாடலாம். அதற்கான கட்டணமும் சிறியதே.

இறுதியாக ஒன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுத்து “நீயே கதை” என்று சொல்லும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும். அளப்பதிலும் கடிதம் எழுதுவதிலும் இளையோர் துணை நிற்கட்டும். ஒப்பமும் பொறுப்பும் பெற்றோருடையதாக இருக்கட்டும். தாயும் தந்தையும் தம் பெயரில் உரிமை கேட்பதைக் காணும் பிள்ளை, இந்நாட்டில் தலைநிமிர்ந்து வாழும் முறையை வீட்டிலேயே கற்றுக்கொள்ளும். மௌனமாகக் கட்டப்படும் ஒவ்வொரு கட்டணமும் அப்பிள்ளைக்கு அதற்கு நேர்மாறான பாடத்தையே கற்பிக்கின்றது!