அசையும் மூலக்கூறும் அசையாப் படமும்

தனி மூலக்கூறு ஒன்று அசைவதை எலெக்ட்ரான் நுண்பெருக்கியின் துணையால் காணலாம் என்று இந்நாளில் கூறப்படுகிறது. கூற்று தவறன்று. ஆயினும் அம்மூலக்கூறு எந்த நிலையில் வைக்கப்பட்டு, எதற்குள் அடைக்கப்பட்டு, எவ்வளவு மெதுவாக அசைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிடில், வகுப்பறையில் அச்செய்தி வியப்பை விளைவிக்குமேயன்றி அறிவை வளர்க்காது. இதை உணர்வதற்குக் கல்கத்தாவின் அனுபவம் பெரிதும் துணை செய்யும்.

1940-களின் பிற்பகுதியில், பேராசிரியர் மேகநாத் சாஹாவின் ஆதரவுடன், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கல்லூரியில் நீரஜ்நாத் தாஸ் குப்தா இந்தியாவின் முதல் எலெக்ட்ரான் நுண்பெருக்கியை உருவாக்கினார். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லாடிஸ்லாஸ் மார்ட்டனிடம் இத்துறையைப் பயின்று திரும்பியவர் அவர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று வங்காளத்தை நெடுங்காலம் வாட்டிய காலா அசார் நோயின் ஒட்டுண்ணி. அவ்வாராய்ச்சி முடிவுகள் 1954-இல் வெளிவந்தன.

சாதாரண நுண்பெருக்கியில் அவ்வொட்டுண்ணி தன் கசையிழையை வீசி நெளிந்து செல்வதை உயிருடனேயே காணலாம். எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் அது இயலாது. காற்றில் எலெக்ட்ரான்கள் சிதறிவிடும். ஆதலால் கருவியின் உட்புறம் வெற்றிடமாக்கப்படுகிறது. வெற்றிடத்தில் ஈரம் தங்காது. எனவே உயிரி கொல்லப்பட்டு, உலர்த்தப்பட்டு, மெல்லிய படலத்தின்மேல் வைக்கப்பட்டது. 60,000 வோல்ட்டில் விரையும் எலெக்ட்ரானின் அலை நீளம் ஏறத்தாழ 0.05 ஆங்ஸ்ட்ராம், கண்ணுக்குப் புலனாகும் ஒளியினுடையதோ 4,000 முதல் 7,000 ஆங்ஸ்ட்ராம். நுட்பம் கிடைத்தது, உயிர் போயிற்று. கருவியைத் தாமே பூட்டி, வெற்றிடப் பம்பைத் தாமே இயக்கியவர்களுக்கு இந்த விலை தெரியும். பாடப் புத்தகத்தில் படத்தை மட்டும் காணும் மாணவனுக்கு அதை யார் சொல்வது?

மூலக்கூறு விஷயத்தில் இடர் இன்னும் மிகுதி. கட்டற்ற சிறு மூலக்கூறு வெற்றிடத்தில் பறந்துவிடும்; எலெக்ட்ரான் கற்றையே அதைச் சிதைக்கவும் கூடும். ஜப்பானில் ஐயிச்சி நாகமுராவின் குழுவினர் 2007-இல் இதற்கு ஒரு வழி கண்டனர். கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாயினுள் கரிம மூலக்கூறுகளை அடைத்து, அவற்றின் நீண்ட வால் போன்ற சங்கிலிகள் நிலை மாறுவதைத் தொடர்ச்சியான படங்களாக எடுத்தனர். அரிய சாதனை அது. ஆயினும் ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே வினாடிக் கணக்கில் இடைவெளி இருந்தது. மூலக்கூறினுள் அணுக்களோ ஒரு வினாடியில் கோடானுகோடி முறை அதிர்பவை. புலப்பட்டது குழாய்ச் சுவரால் தடுக்கப்பட்ட மெதுவான அசைவே.

2017-இல் நோபல் பரிசு பெற்ற உறைநிலை எலெக்ட்ரான் நுண்பெருக்கி முறையில் அசைவு நேரே காணப்படுவதே இல்லை. புரத மூலக்கூறுகள் நீருடன் நொடியில் உறையவைக்கப்படுகின்றன. பல ஓட்டக்காரர்களை வெவ்வேறு நிலைகளில் எடுத்த படங்களை வரிசைப்படுத்தி ஓட்டத்தை ஊகிப்பது போல, பல்லாயிரம் அசையாப் படங்களிலிருந்து புரதத்தின் அசைவு ஊகிக்கப்படுகிறது. திரையில் ஓடும் வண்ணப் படங்களுட் பல இவ்வகையானவை. சில வெறும் கணக்கீட்டின் விளைவுகள். இரண்டையும் ஒன்றாகக் காட்டுவது பிழை.

சிறுவர்க்கு இத்தனை விவரம் எதற்கு, ஆர்வம் தோன்றினால் போதாதா என்று சிலர் வினவக்கூடும். படத்தின் கீழ் ஒரு வரி சேர்ப்பதால் ஆர்வம் குன்றிவிடாது. பொருள் உயிருள்ளதா, உலர்ந்ததா, உறைந்ததா. நிறம் இயற்கையா, பிறகு ஏற்றியதா. அசைவு கண்டதா, ஊகித்ததா: இவ்வளவு எழுதினால் போதும். களப்பணியாளர் கிராமத்தாருக்குக் காட்டும் சாயமேற்றிய இரத்தப் பூச்சுக் கண்ணாடித் துண்டுக்கும் இது பொருந்தும்.

அசைவையே காட்ட விரும்பும் ஆசிரியர் வெகு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நீர் மிகுதியாகக் கலந்த பால் ஒரு துளியை 400 மடங்கு பெருக்கும் பள்ளி நுண்பெருக்கியில் வைத்துச் சற்றுப் பொறுத்தால், கொழுப்புத் துளிகள் ஓயாது நடுங்குவது தெரியும். கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் மோதுவதாலேயே அவை அவ்வாறு நடுங்குகின்றன. அதற்கு முதலில் துளியின்மேல் மூடுகண்ணாடியைச் சரியாகப் பொருத்தி, ஓரங்களில் வாசலைன் தடவி, காற்றால் நீர் ஓடாதபடி செய்துகொள்ளல் வேண்டும்.