விழுந்தவரின் விதியா, வீட்டுக்காரரின் பொறுப்பா?



ஒரு சகோதரி எழுதிய கடிதம் சில நாட்களாக என் மேசையில் இருக்கிறது. அதன் சாரம் இதுதான்:

“நாங்கள் குடியிருப்பது என் சீதன வீடு. உறுதியும் என் பெயரில்தான். மேல்மாடியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். மேலே ஏறும் கொங்கிரீட் படி வெளிப்புறமாக இருக்கிறது. அதில் ஒரு படியின் விளிம்பு உடைந்து பல மாதங்களாகின்றன. கைபிடியும் இல்லை. மேலே இருக்கும் ராத்தா இரண்டு தடவை சொன்னார். பெருநாள் கழியட்டும், மேசன் பாஸைக் கூப்பிடுவோம் என்று தள்ளிப்போட்டோம். மழை பெய்த ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு, ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய உம்மா அந்தப் படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. என் கணவர், இது அல்லாஹ்வின் கத்ர், நாம் என்ன செய்ய முடியும் என்கிறார். எனக்கோ இரவில் தூக்கம் வருவதில்லை. எங்கள் மீது பொறுப்பு உண்டா?”

இந்தத் தூக்கமின்மை ஈமானின் அடையாளம் என்றே நான் கருதுகிறேன். ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கத்ரை நம்புவது ஈமானின் கடமைகளில் ஒன்று. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வார்த்தையை யார், எப்போது சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். விழுந்த உம்மா, “அல்லாஹ் நாடியது நடந்தது” என்று சொன்னால் அது ஸப்ர். படியை உடைந்தபடியே விட்டவர் அதையே சொன்னால் அது சாக்கு. நம் பிள்ளையின் கையை இன்னொருவர் உடைத்துவிட்டு “கத்ர்” என்று சொன்னால் நாம் ஏற்றுக்கொள்வோமா? சுற்றுச்சுவர் இல்லாத மொட்டைமாடியில் உறங்குபவர் தம் பாதுகாப்புக்கான பொறுப்பைத் தாமே இழந்துவிடுகிறார் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதாக அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. மாடியின் ஓரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்பது வரை கவனித்த மார்க்கம் நம்முடையது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஒருவர் மற்றவருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது ஹதீஸிலிருந்து பெறப்பட்ட பொதுவிதி. நேரே கையால் செய்த தீங்குக்கு மட்டுமல்ல, தீங்குக்குக் காரணமாக அமைந்ததற்கும் ஈடு கொடுக்க வேண்டி வரும் என்று பிக்ஹ் கிதாபுகள் பேசுகின்றன. இதற்கு ழமான் என்று பெயர்.

“கிணற்றில் விழுந்தவருக்கு ஈடு இல்லை என்று ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறதே?” என்று ஓதியவர்கள் யாராவது கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது தன் சொந்த நிலத்திலோ, ஆளரவமற்ற வெளியிலோ, உரிமையோடு தோண்டிய கிணற்றைப் பற்றியது என்று உலமாக்கள் விளக்கியுள்ளனர். நம் ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (வபாத் ஹிஜ்ரி 676) தமது மின்ஹாஜ் என்ற கிதாபில் இன்னொரு நிலையையும் எடுத்துச் சொல்கிறார்கள். ஒருவர் தம் வீட்டின் நடையிலேயே குழி தோண்டி வைத்திருக்கிறார். விபரம் தெரியாத ஒருவரை உள்ளே அழைக்கிறார். வந்தவர் அதில் விழுந்துவிடுகிறார். இதில் வீட்டுக்காரர் ஈடு கொடுக்க வேண்டும் என்பதே வலுவான கருத்து. நிலம் அவருடையதுதான். ஆனால் மற்றவர் நடந்துவர வழி திறந்தவரும் அவர்தான். வந்தவர் குழியைக் கண்ணால் கண்டு, தெரிந்துகொண்டே இறங்கினால் சட்டம் வேறு.

உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை ஹனபி மத்ஹபைத் தழுவித் தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டத்தின் 928ஆவது பிரிவு சாய்ந்த மதிலைப் பற்றியது. மதில் திடீரென விழுந்தால் உரிமையாளர் மீது குற்றமில்லை. ஆனால் அது சாய்ந்திருப்பதைச் சொல்ல உரிமையுள்ள ஒருவர் முன்கூட்டியே எச்சரித்து, இடித்து அகற்றப் போதிய அவகாசமும் இருந்து, அவர் சும்மா இருந்திருந்தால் நட்டம் அவரைச் சாரும். நேராகக் கட்டிய மதில் பிறகு சாய்ந்த விடயத்தில் நம் மத்ஹபில் கருத்து வேறுபாடு உண்டு. என்றாலும் இந்தச் சகோதரியின் கடிதத்தில் எச்சரிக்கையும் இருக்கிறது, அவகாசமும் இருக்கிறது, விபரம் தெரியாத விருந்தாளியும் இருக்கிறார்.

நம் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விவாகம், விவாகரத்து, வாரிசுரிமை போன்றவற்றுக்குத்தான் நமக்கு முஸ்லிம் சட்டம். படியில் விழுந்த வழக்கு காழியாரிடம் போகாது. அது உரோம டச்சுச் சட்டத்தின் கீழ் வரும். அங்கும் கேள்வி இதுவே: ஆபத்து வரும் என்று முன்கூட்டியே உணர்ந்திருக்கக்கூடிய ஒருவர், நியாயமான கவனம் எடுத்தாரா, இல்லையா? கவனயீனம் நிரூபிக்கப்பட்டால் வைத்தியச் செலவு, இழந்த உழைப்பு, பட்ட வேதனை ஆகியவற்றுக்கு நட்டஈடு கேட்கலாம். விழுந்தவரிடமும் தவறு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். பொதுவாக இரண்டு வருடங்களுக்குள் வழக்குப் போட வேண்டும். நீதிமன்றம் ஏறுமுன் மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கவும் வழியுண்டு.

ஆகவே சகோதரியே, என் பதில்: ஆம், பொறுப்பு உண்டு. உறுதி உங்கள் பெயரில் இருப்பதால் “அவரிடம் கேளுங்கள்” என்று கணவரின் பக்கம் கைகாட்டவும் முடியாது. வீடு நம்முடையது என்று பெருமைப்படும் நாம், அதன் படியும் நம்முடையதுதான் என்பதை மறக்கலாகாது. முதலில் மேசன் பாஸைக் கூப்பிட்டு அந்தப் படியைச் சரிசெய்யுங்கள். அடுத்து, கணவரையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழமும் பிஸ்கட்டும் மட்டும் கொண்டு போகாதீர்கள். “நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்யவில்லை” என்று வாயால் சொல்லி, செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொகையில் இணக்கம் வராவிட்டால் ஊரின் ஆலிம் ஒருவரையும் விபரமறிந்த பெரியவர் ஒருவரையும் நடுவில் வையுங்கள்.

அந்த உம்மா மன்னித்துவிட்டால் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மன்னிப்பது அவருடைய உரிமை. அவரை மன்னிக்கச் சொல்லி நெருக்குவது நம் உரிமையல்ல. அடியாரின் ஹக்கு தவ்பா செய்வதால் மட்டும் தீர்ந்துவிடாது.

வாடகைக்கு இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கோபிப்பார்களோ என்று தயங்காமல் பழுதைச் சொல்லுங்கள். வாயால் சொன்னது போதாவிட்டால் திகதியிட்டு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு, “அந்தப் படி பழுது, பார்த்து இறங்குங்கள்” என்று சொல்வது உங்கள் கடமை.

இக்கடிதத்தைப் படித்த மறுநாள், நான் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவின் மாடிப்படியைப் புதுக் கண்ணோடு பார்த்தேன். திருப்பத்தில் பல்ப் எரியவில்லை. கடைசிப் படி மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் உயரம். தினமும் சின்னப் பிள்ளைகள் இறங்கும் படி அது. வருடக்கணக்காக நானும் ஏறி இறங்கினேன், ஒருவரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. பல்ப் அன்றைக்கே போட்டாயிற்று. படியைச் சரிசெய்ய நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

நீங்களும் இன்று அஸருக்குப் பிறகு உங்கள் வீட்டுப் படியில் ஒரு தடவை மெதுவாக இறங்கிப் பாருங்கள். படிகள் ஒரே உயரமா, பிடிக்கக் கம்பி இருக்கிறதா, இரவில் வெளிச்சம் விழுகிறதா, மழை நாளில் பாசி பிடிக்கிறதா, வழுக்கும் டைல்ஸ் பதித்திருக்கிறதா, செருப்பும் வாளியும் படியில் கிடக்கின்றனவா என்று பாருங்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பாதை நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது.

அந்த உம்மாவுக்கு அல்லாஹ் பூரண ஷிபாவை அருள்வானாக. பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாகத் தன்னிடம் வருவதிலிருந்து நம்மைக் காப்பானாக. ஆமீன்.