விதை கொடுக்கவும் ஒப்பந்தம்!

பெங்களூர் மார்க்கெட்டில் சௌசௌ வாங்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. தமிழ்நாட்டில் இதற்குப் "பெங்களூர் கத்தரிக்காய்" என்றும் பெயர் உண்டு. ஆனால் இதன் பிறப்பிடம் பெங்களூர் அல்ல. மெக்சிகோ பகுதியைச் சேர்ந்த கொடி இது. இங்கே அது பரவியதில் லால்பாக் தோட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1874 முதல் 1908 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரூன், லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்றவர். அவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பயிரிட்டவற்றில் சௌசௌவும் ஒன்று.

தோட்டத்துக்குத் தோட்டம் விதை அனுப்புவது பழைய வழக்கம். 1680களிலேயே லண்டன் செல்சி மருந்துத் தோட்டமும் ஹாலந்தின் லெய்டன் தோட்டமும் விதைகளை மாற்றிக்கொண்டன. நாளடைவில் ஒவ்வொரு தாவரவியல் தோட்டமும் தன்னிடமுள்ள விதைகளின் பட்டியலை ஆண்டுதோறும் அச்சிட்டு மற்றவற்றுக்கு அனுப்பலாயிற்று. வேண்டியதைக் குறித்து எழுதினால் சிறு பொட்டலம் தபாலில் வந்து சேரும். விலை கிடையாது. அவர்கள் கேட்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

<b>பழைய கணக்கு</b>

இந்தத் தாராளத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1876ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 3,000க்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வித்து இதுதான். அங்கே பால்மரம் வெட்டப் போனவர்களில் பெருந்தொகையினர் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். 1910க்குப் பிறகு பிரேசிலின் ரப்பர் வியாபாரம் படுத்துவிட்டது. விதை போன நாட்டுக்கு லாபத்தில் பங்கு ஏதும் இல்லை.

இந்த அநீதியைத் தடுக்கவே, ஒரு நாட்டின் உயிர்வளம் அந்த நாட்டின் உரிமை என்று 1992ஆம் ஆண்டு உடன்படிக்கை அறிவித்தது. பலனில் பங்கு தருவது பற்றிய நகோயா ஒப்பந்தம் 2014ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2002லேயே சட்டம் இயற்றியது. அதன்படி அமைந்த தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது. இங்குள்ள உயிர்வளத்தை ஆராய்ச்சிக்கோ வியாபாரத்துக்கோ பெற விரும்பும் வெளிநாட்டவர் அதனிடம் முன் அனுமதி பெற வேண்டும். மத்திய அரசின் நெறிமுறைப்படி நடக்கும் கூட்டு ஆராய்ச்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. வெளியிலிருந்து விதை வருவதென்றால் இறக்குமதி அனுமதியும், நோயற்றது என்ற சான்றும் வேண்டும்.

<b>காத்திருக்காத விதை</b>

விதி தேவைதான். ஆனால் எல்லா விதையும் அனுமதிக்காகக் காத்திருக்காது. நெல்லையும் கேழ்வரகையும் உலர்த்திப் பல ஆண்டுகள் வைக்கலாம். ரப்பர், பலா, மா போன்றவற்றின் விதைகள் உலர்ந்தால் செத்துவிடும். விக்காம் கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவை முளைக்காமல் போனதும் இதனால்தான். சௌசௌ விதையோ காய்க்குள்ளேயே முளைத்துவிடும். முழுக் காயையே அனுப்ப வேண்டும். மனு மேசைக்கு மேசை நகர்வதற்குள் பொட்டலத்தில் உயிர் இருக்காது.

விதை போகாவிட்டால் வரும் நஷ்டம் பெரிது. சிலி நாட்டைச் சேர்ந்த ஈஸ்டர் தீவில் டொரோமிரோ என்ற மரம் 1960 வாக்கில் இயற்கையில் அடியோடு அழிந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கடைசி மரத்திலிருந்து எடுத்த விதைகள் சுவீடனின் கோதன்பர்க் தோட்டத்தில் முளைத்திருந்தன. அதன் வழிவந்த கன்றுகள் பின்னர் தீவுக்கே திரும்பின. கொடுத்து வைத்ததே காப்பாற்றியது.

இரண்டுக்கும் நடுவே வழி இல்லாமல் இல்லை. ஐரோப்பாவின் பல தோட்டங்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, மாறும் ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண் தருகின்றன. பார்சலோடு ரசீது போவதுபோல், செடி எத்தனை கை மாறினாலும் அந்த எண்ணும் கூடவே போகும். வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதானால் பிறந்த நாட்டின் சம்மதத்தை மறுபடி பெற வேண்டும்.

இந்தியத் தோட்டங்களுக்கும் இத்தகைய எளிய முறை தேவை. வியாபார நோக்கமில்லாத மனுக்களுக்கு இத்தனை நாளில் பதில் என்று வரம்பு வகுத்தால் உரிமையும் போகாது, செடியும் சாகாது. விதைக்குக் கெடு உண்டு; மனுவைத் தீர்க்கவும் கெடு வேண்டும்.